முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

பிப்ரவரி 9, ஞாயிறு

முடிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் கை ஓடவில்லை. இந்தக் குறிப்பேட்டில் இதுவரை ஓடிய தூரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும்தான் எழுதி வந்திருக்கிறேன். எழுதச் சொன்னவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் எடுத்துப் பார்த்து, அடுத்த வாரம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்வார். அவர் பார்ப்பார் என்பதால் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எனக்கு இது முதல் முழு மாரத்தான், அவருக்கு ஐந்தாவது. இருவரும் ஒன்றாகவே ஓடி, நாலு மணி நேரத்துக்குள் ஒன்றாகவே முடிவுக் கோட்டைத் தொடுவது என்று ஏற்பாடு. முப்பது கிலோமீட்டர் வரை அப்படித்தான் போனோம். முப்பத்தொன்றில், அவிநாசி ரோட்டில், வலது தொடைக்கு மேலே உள்ளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் அவர் எனக்கு முன்னால் போயிருந்தார். கூட்டத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது.

பின்னால் வந்த ஒரு பெண் என்னைத் தாங்கிப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தாள். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவள் விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை, தானும் ஓடாமல், கூடவே உட்கார்ந்திருந்தாள். உடுமலையில் நர்ஸாம். விஜயராணி என்று பெயர்.

அவர் மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்தில் முடித்துவிட்டார். நாலு வருடமாக எட்டாமல் இருந்தது. முதலுதவிக் கூடாரத்துக்கு மெடலோடு வந்து என்னைத் தேடினார். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இன்று ஒற்றைக் காலில் நின்று, மேடையைப் பிடித்துக்கொண்டு ரசம் வைத்தேன். அவருடைய ஓட்டத் துணிகளை ஊறப்போட்டேன், பிழிய முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

தசைப்பிடிப்புதான், ஐஸ் வை என்கிறார். வைக்கிறேன். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிகிறது. பதிவு அலுவலகத்துக்கு இன்றும் லீவு சொல்லியாயிற்று. முகூர்த்த நாள், பத்திரம் குவிந்திருக்கும்.

அவர் நடத்தும் ‘வைகறை’ ஓட்டக் குழுவில் எல்லோரும் என்னை விசாரிக்கிறார்களாம். “ஸ்ட்ரெச்சிங் சரியாப் பண்ணியிருக்க மாட்டா”ன்னு சொன்னேன் என்றார். இருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் படுக்கையிலிருந்து வலது காலை நகர்த்த முடியவில்லை. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டியிருந்தது, வேறு யாருடைய காலையோ எடுத்து வைப்பது போல.

ஞாயிறு வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கம்பெனிக்குப் போனார். பம்ப் வாங்க வடக்கேயிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களாம். பதினோரு மணி வாக்கில் விஜயராணி போன் செய்தாள். அன்று ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள்.

“அக்கா, காலை ஊன முடியுதுங்களா?”

“முடியலம்மா. பிடிப்பு விடல.”

“பிடிப்பு இல்லீங்க்கா அது. எக்ஸ்ரேல கூட சில நேரம் தெரியாது. இன்னைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துருங்க. தயவு செஞ்சு நடக்காதீங்க.”

எங்களுடையது மாடி வீடு. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து, பிள்ளைகள் இறங்குகிற மாதிரி இறங்கினேன். பாதிப் படியில் வலி தாங்காமல் வாந்தி வந்துவிட்டது. ஆட்டோக்காரர் மேலே ஏறி வந்து கடைசிப் படிகளைத் தாண்ட வைத்தார். அழவில்லை என்று எழுத ஆசை.

பிப்ரவரி 15, சனி

தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். பந்துக் கிண்ண மூட்டுக்குச் சற்றுக் கீழே. ஓடி ஓடி எலும்பு களைத்துப்போய் விரிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என் கணவரும் கூட வந்திருந்தார்.

“எத்தன நாளா வலி இருந்துச்சும்மா?”

“மூணு வாரமா.”

“வலியோட எதுக்கு இத்தன தூரம் ஓடுனீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், “எங்கிட்ட சொல்லவே இல்லீங்க டாக்டர். பிடிவாதக்காரி” என்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தில் ஒரு கருங்கோட்டைக் காட்டினார். “இதோட இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தா எலும்பு ரெண்டா நகந்திருக்கும். அப்பறம் இந்த வயசுல மூட்டையே மாத்த வேண்டியிருக்கும். உங்கள உக்கார வெச்சவங்களுக்கு நன்றி சொல்லுங்க.”

வலி இருப்பதைக் கணவரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பொங்கல் கழிந்து, மருதமலை ரோட்டில் நீண்ட ஓட்டம் முடிந்த அன்று சொன்னேன். “அது காலுல இல்ல, உன்ற மனசுல இருக்கு” என்றார். அவருக்கு மறந்திருக்கலாம். வேலைப்பளு.

பிப்ரவரி 17, திங்கள்

நாளை காலை ஆபரேஷன். மூன்று திருகாணி.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு வாரம் வலது பாதம் தரையில் படவே கூடாது. வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். வழக்கமாக வீட்டு வேலைக்கு வரும் சரசு அக்கா இப்போது சமையலும் செய்துவிட்டுப் போகிறார். சாம்பாரில் வெல்லம் போடுகிறார். சொல்லத் தெம்பில்லை.

மறுபடி எப்போது ஓடலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். “ஒரு வருசத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். அதுக்கப்பறமும் இவ்வளவு தூரம் வேண்டாம்மா” என்றார். ‘மெல்ல நடக்கப் பழகுங்க’ என்று முதுகில் தட்டினார். திரும்பி வரும்போது காரில் என் கணவர் பேசியது முழுக்க அடுத்த வருட மும்பை ஓட்டத்தைப் பற்றி.

பிப்ரவரி 27, வியாழன்

விடிவதற்கு முன்னால் அலாரம் அடிக்கிறது. அவர் எழுந்து ஷூ லேஸ் கட்டும் சத்தம், கதவுச் சத்தம், கீழே கேட். பிறகு நான் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறேன்.

எனக்கு ஓட்டம் பெரிதில்லை என்று முன்பெல்லாம் சொல்வேன். மகள் தாரணி படிப்பு முடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. டிவி ஓடும், தட்டு கழுவுவேன், தூங்குவோம். ஒரு நாள் அவர், “வர்றியா, சும்மா நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டார். அவர் அதற்கு முன்பே ஓடுகிறவர், எனக்கு அந்த நடைதான் ஓட்டமாயிற்று. சேர்ந்து ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குள் பேச்சு வந்தது. எந்த ரோட்டில் மேடு, எந்தத் தெருவில் நாய், யாருக்கு எங்கே மூச்சு வாங்கியது. இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் நாங்கள் அதிகம் சிரித்தது பேரூர்ப் பாதையில்தான்.

இப்போது அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. ஓட்டத்தைப் பற்றி என்னிடம் பேச அவருக்குக் கூச்சம். வேறு எதைப் பற்றியும் பேச எங்களுக்குத் தெரியாது.

இன்று மத்தியானம் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கத்தினேன். சரசு அக்கா என்னம்மா என்று ஓடி வந்தார். கால் வலி என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

விஜயராணி உடுமலையிலிருந்து பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பை சப்போட்டா. அவர் குழுவினரோடு சிறுவாணிப் பக்கம் ஓடப் போயிருந்தார்.

அன்று அவளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் ஓடியவளாம். கல்யாணம், குழந்தை என்று விட்டுப்போனதை ஒரு வருடமாக ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பழகியிருக்கிறாள். அவளுக்கும் அது முதல் மாரத்தான். என்னால் அவளும் முடிக்கவில்லை.

“உன்ற ஓட்டத்தக் கெடுத்துட்டேன் விஜயா.”

“விடுங்க்கா. ரோடு எங்கீம் ஓடிப் போயிராது. அடுத்த தடவ ஓடிக்கறேன்.” சப்போட்டாவை உரித்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணன் எப்படி இருக்காருங்க? அன்னைக்கு விட்டுட்டுப் போனதுக்கு ரொம்ப சங்கடப்பட்டிருப்பாரு.”

“அவருக்குத் தெரியாதும்மா. முன்னால போயிட்டாரு.”

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

“அக்கா, நான் உங்களுக்கு நேர் பின்னாலதானுங்க வந்துட்டு இருந்தேன். பச்ச பனியன் போட்டவருதான அண்ணன்? உங்க பக்கத்துல நின்னு பேசிட்டு இருந்தாருங்களே.”

“அது வேற யாரோ.”

“செரிங்க்கா” என்றாள். அதன் பிறகு அவள் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

மூன்று வாரமாக அவர் இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்க்கவில்லை. ஓடாதவள் எழுதியதில் அவர் பார்க்க என்ன இருக்கிறது. அதனால் எழுதலாம்.

அவர் முன்னால் போயிருக்கவில்லை. என் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். நான் கத்தியதும் நின்றார். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “என்னாச்சு?” என்றார். கால் போச்சுங்க என்றேன். குனிந்து பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பிடிப்புதான். மெல்ல ஓடி வா. நின்னா இறுகிக்கும்.”

என்னால் முடியல என்றேன். மறுபடியும் கடிகாரம். அவர் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். ஓரடி நகர்ந்தார். அவருடைய பனியனைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது, வழுக்கியது.

“போகாதீங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

போய்விட்டார்.

கூட்டத்தில் தாரை தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் என்னிடம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

தையல் காய்ந்துவிட்டது. தொடை சுருங்கி, பக்கத்துத் தொடையில் பாதி ஆகிவிட்டது. குளிக்கும்போது பார்க்காமல் குளிக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ‘வைகறை’க் குழு அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது, வடவள்ளியில் ஒரு சின்ன மண்டபத்தில். நானும் வர வேண்டும் என்றார். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். பட்டுச் சேலை, மடியில் வாக்கர். முதல் வரிசை.

மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினார். பயிற்சி, சாப்பாடு, கட்டுப்பாடு என்று பேசிக்கொண்டே வந்தவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“இந்த மெடல் எனக்கு மட்டும் சேர்ந்தது இல்லீங்க. முப்பத்தொண்ணாவது கிலோமீட்டர்ல இவளுக்குக் கால் போச்சு. நான் நின்னுட்டேன். இனி ஓட வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன். அப்ப பூங்கொடி சொன்னா: ‘என்னப் பாக்காதீங்க. நீங்க போங்க. எனக்கும் சேத்து முடிச்சிட்டு வாங்க.’ அந்த வார்த்ததான் என்ன ஓட வெச்சது.”

உண்மையாகவே கண் கலங்கினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் அதை நம்பிவிட்டார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நானும் கைதட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

யாரோ எடுத்த வீடியோ தாரணியின் கைக்குப் போயிருக்கிறது. அதைத் தன் போன் ஸ்டேட்டஸில் போட்டு, ‘என் அம்மா! அன்புன்னா இதுதான்’ என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு இதயப் படம்.

தாரணிக்கு இருபத்திரண்டு வயது. வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

அதைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று சரசு அக்கா போன பிறகு, அலமாரிக்கு அடியில் இருந்த ஓட்ட ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வலது காலுக்கு லேஸ் கட்ட ரொம்ப நேரம் ஆயிற்று. வாக்கரை விட்டுவிட்டு, சுவரையும் விட்டுவிட்டு, அந்தக் காலை ஊன்றினேன். எலும்பு நிற்கிறதா உடைகிறதா பார்க்கலாம் என்றிருந்தது. உடைந்தால் உடையட்டும் என்றுதான் இருந்தது. அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

இரண்டாவது அடியில் விழுந்தேன். போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. அது அடிப்பதும் நிற்பதும் கேட்டது. நகர முடியவில்லை. தரை டைல்ஸில் கன்னத்தை வைத்தபடி, வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவரில் ஏறும் வரை கிடந்தேன். சேலை நனைந்துபோயிற்று.

சாயங்காலம் அவர் கதவைத் திறந்தவர் சாப்பாட்டுப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஐயோ, என்ன புள்ள இது! யாரையாவது கத்திக் கூப்பிட வேண்டாமா? கீழ் வீட்டுல ஆளு இருக்காங்கல்ல. ஏன் கூப்பிடல?”

“கூப்பிட்டா நின்னுருவீங்களா?”

என்னைத் தூக்கப் போன கை அந்தரத்திலேயே நின்றது.

“அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் நான் நம்பிவிடுவேன். அவ்வளவு களைப்பு எனக்கு.

“கேட்டுது” என்றார்.

மார்ச் 21, வெள்ளி

புதன் ராத்திரியே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். திருகாணிகள் நகரவில்லை. அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். கூடுதலாக இரண்டு வாரம் கால் ஊன்றக் கூடாது.

இன்று காரில் வீட்டுக்கு வரும்போது என் கணவரே பேச ஆரம்பித்தார். கோடு தெரியிற தூரத்துக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு, இத விட்டா இனி இந்த வயசுல முடியாதுன்னு தோணுச்சு, ஓடும்போதே உன்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டேதான் ஓடுனேன் என்றார். மேடையில் பேசியதும் அப்படி யோசித்து வைத்திருந்ததுதானாம்.

“ஊருக்கெல்லாம் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றேன். “தாரணிகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிருங்க.”

“அவ எதுக்கு? புள்ள மனசு ஒடஞ்சு போயிரும்.”

“கட்டிக்கிட்டவன் விட்டுட்டு ஓடுனா, போய்ட்டு வாங்கன்னு சொல்றதுதான் அன்புன்னு அவ நெனச்சிட்டு இருக்கா. நாளைக்கு அவளும் அதையே சொல்லுவா. எனக்கு அது வேண்டாம்.”

சிக்னல் பச்சையான பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு நாளாகத் தட்டிக் கழித்தார். கம்பெனியில் வேலை, தலைவலி, அவள் தூங்கியிருப்பாள். நான் எதுவும் கேட்கவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

இன்று காலை சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்தார். என் எதிரில் உட்கார்ந்துதான் பேசினார். “கண்ணு, அப்பா மேடையில சொன்னது பொய்” என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தது, நான் பனியனைப் பிடித்தது, கேட்டும் போனது. எதையும் விடவில்லை.

அந்தப் பக்கம் தாரணி, “அம்மாகிட்ட குடுங்க” என்றாள்.

அழுதுகொண்டிருந்தாள். “ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நானே எங்கிட்ட சொல்லிக்கல கண்ணு.”

“நீ இங்க வந்துரு. கீழ் வீடுதான், படி இல்ல. ரூம்ல இருக்கற திவ்யா ஊருக்குப் போறா, கட்டில் காலியா இருக்கு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

சரி என்றேன். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

திருச்சி. தாரணி வேலைக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிறார். இங்கே சாம்பாரில் வெல்லம் இல்லை, உப்பும் இல்லை. தாரணி சமையல். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னும் கனவில் ஓடுகிறேன். விழித்ததும் கால் கனக்கிறது. சில காலைகளில் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து, இருட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். அது போகுமா தெரியவில்லை.

காலையில் அவர் போன் செய்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“இன்னைக்கு நான் ஓடப் போகல” என்றார்.

“போயிருக்கலாமே” என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. போயிருந்தாலும் போகாவிட்டாலும் இன்று எனக்கு ஒன்றுதான்.

“எப்ப வர்ற?”

“தெரியலீங்க.”

அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. எப்போதும் அவர்தான் முதலில் வைப்பார். காத்திருந்தேன். வைக்கவில்லை.

நான் வைத்தேன்.